ஆறு மணி உருண்டை

“இந்த நாய் இருபது கிலோ இல்ல,” என்றார் தராசு.

நாய் அவருடைய இரண்டு கைகளிலும் கிடந்தது. சுருள் சுருளாகத் தொங்கும் வெள்ளை முடி. அதற்குள் எங்கேயோ இரண்டு கண்கள். பெயர் பஞ்சு.

“கூடவா, குறைவா அத்தான்?” என்று கேட்டாள் வாயாடி. “பார்த்தா முப்பதே சொல்லலாம். சோபாவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு.”

“பதினஞ்சு. அரைக் கிலோ முன்னப்பின்ன இருக்கும்.”

“கொலையைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டாங்க. நீங்க நாயை விலை பேச வந்தவர் மாதிரி தூக்கித் தூக்கிப் பார்க்கறீங்க.”

துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தராசு இருபத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய், எடைக்கல்லைத் திருப்பி அடியில் ஈயம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். எடை மேடைக்குக் கீழே கையை விட்டு, ஏதாவது ஒட்டவைத்திருக்கிறார்களா என்று தடவுவார். அந்த வேலை ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. எதைத் தூக்கினாலும் அவர் கை எடை சொல்லும். தராசு என்ற பெயரும் அதனால் வந்ததுதான். வாயாடி அவருடைய மனைவியின் தங்கை. பதினோரு வருடம் காப்பீட்டு முகவராக வீடு வீடாக ஏறி இறங்கியவள். எந்த வீட்டுக் கதவும் அவள் பேச்சுக்குத் திறந்துவிடும். அவளை வெளியே அனுப்புவதுதான் கஷ்டம்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு மரக்கடை முதலாளியின் வீட்டு முன்னறையில். முதலாளி இப்போது இல்லை. தொடை எலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர், மூன்று நாளுக்கு முன் இரவு பால் குடித்துவிட்டுத் தூங்கினார், எழுந்திருக்கவில்லை. சான்றிதழ் எழுத வந்த மருத்துவருக்கு ஏதோ உறுத்தியது. ரத்தத்தைப் பரிசோதிக்க அனுப்பிவிட்டார். ரத்தத்தில் இருந்தது நாய்க்குக் கொடுக்கும் வலிப்பு மாத்திரை.

நாய்க்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பு மருமகளுடையது. நேற்று மாலை போலீஸ் அவளை அழைத்துப் போய்விட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அதற்குப் பிறகு சிறை.

தராசுவைத் தேடி வந்தவர் அவளுடைய அண்ணன், தையற்காரர். கழுத்தில் போட்ட அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தார்.

“தங்கச்சிக்கு அஞ்சு வயசுப் பொண்ணு இருக்கா சார். என் வீட்லதான் வச்சிருக்கேன். அம்மா எங்கன்னு கேக்கறா, கடையில வேலை ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு மேல என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க,” என்று மட்டும்தான் சொன்னார்.

மாத்திரை கொடுக்கும் முறை அந்த வீட்டில் கடிகாரம் போல நடந்திருக்கிறது. கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதியது இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு நான்கு: காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள் காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவாள். அதனால் அவள் காலையிலேயே அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைப் பிதுக்குவாள். இரண்டை அப்போதே கொடுத்துவிடுவாள். மற்ற இரண்டையும் ரொட்டித் துண்டில் வைத்து, வெண்ணெய் தடவி, உருட்டி, சின்னத் தட்டில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது அந்தத் தட்டைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவார்கள். படுத்திருக்கும் முதலாளி தன் கையாலேயே பஞ்சுவுக்கு அந்த உருண்டையை ஊட்டுவார். எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு நிமிடம்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் மருமகள் போட்ட இரண்டு கோடுகள் இருந்தன. நான்கு மாதம். வாங்கிய மாத்திரை, செலவான மாத்திரை, மிச்சம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின.

“அதுதான் போலீஸ் ஆய்வாளர் சொல்றார்,” என்றாள் வாயாடி. “மாத்திரை அட்டையை விட்டு வெளிய வந்தது அவ கையாலதான். சாயங்கால உருண்டைக்குள்ள ஒண்ணும் வைக்காம வெறும் ரொட்டியை உருட்டி வச்சுட்டு, மாத்திரையைச் சேர்த்து வச்சிருக்கா. கதை சரியாத்தானே இருக்கு?”

“நாய் சரியா இருக்கே. அதுதான் இடிக்குது.”

“நாய்க்கு என்ன?”

“இந்த மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு யோசி. அடியில ஒழுகற ஒரு தண்ணித் தொட்டி. அதுதான் நாயோட உடம்பு. தினமும் கொஞ்சம் ஒழுகிப் போயிடும். ஒழுகின அளவுக்குத் தினமும் ஊத்தணும். மட்டம் இறங்கினா வலிப்பு வரும். ரொம்ப ஏறினா நாய் தள்ளாடும், தூங்கி விழும். அதனாலதான் டாக்டர் எடையைப் பார்த்து அளவு எழுதறார். பெரிய தொட்டிக்கு அதிகம், சின்னத் தொட்டிக்குக் குறைவு. இந்த மாத்திரையில அஞ்சு கிலோவுக்கு ஒண்ணுன்னு கணக்கு. இருபது கிலோன்னா நாலு.”

“சரி.”

“மருமக தினம் ரெண்டை எடுத்துக்கிட்டிருந்தா தொட்டியில பாதிதான் தண்ணி. நாலு மாசத்துல நாய்க்கு எத்தனை வாட்டி வலிப்பு வந்திருக்கணும்? ஒரு வாட்டிகூட வரல. வீட்ல எல்லாரும் சொல்றாங்க, பக்கத்து வீடும் சொல்லுது.”

“அப்ப நாலும் நாய்க்குத்தான் போயிருக்கு.”

“நாலும் போயிருந்தா பெரியவர் வயித்துக்குள்ள போனது எது?”

வாயாடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு இடித்தது.

முன்னறையின் மூலையில், ஜன்னல் வெளிச்சத்தில், மகன் உட்கார்ந்திருந்தான். மருமகளின் கணவன். வீட்டிலேயே கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன். ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கியபடி ஒரு பல்சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். தராசு நாயைக் கீழே விட்டதும் அவன் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டான்.

“கடிக்குமா?” என்றாள் வாயாடி.

“கடிக்காது. எனக்குத்தான் ஆகாது. வலிப்பு வந்த அன்னைக்குப் பார்த்தேன், அதுலேர்ந்து கிட்டப் போறதில்ல.”

“உங்க மனைவி செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?”

“செஞ்சிருக்க மாட்டா.” அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். “ஆனா போலீஸ் சொல்றாங்களே.”

“நல்ல புருஷன். கடிகாரம் மணி தப்பாக் காட்டினாகூடப் பத்து தடவை திறந்து பார்ப்பீங்க.”

அவன் முகம் சிவந்தது. இடுக்கியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

அவனுடைய அம்மா இரண்டு கோப்பைகளில் தண்ணீர் கொண்டுவந்தாள். அறுபது வயது இருக்கும். நடையில் சத்தமே இல்லை. கோப்பையை நீட்டிய இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்கவில்லை. எப்போதோ ஒடிந்து, கட்டுப் போடாமல் தானாகவே கோணலாகச் சேர்ந்துவிட்ட விரல்கள். பஞ்சு அவள் காலடியில் போய்ப் படுத்தது. அதன் முன்னங்கால் ஒருமுறை வெட்டி இழுத்தது.

“நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து மாத்திரை இல்ல,” என்றாள் அவள். “போலீஸ் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து, வலிப்பு வர்றதுக்கு முன்னாடி செய்யற மாதிரி, உதட்டை நக்கிக்கிட்டே இருக்கு. கேட்டு வாங்கித் தருவீங்களா?”

“தர்றோம்மா. நாயை டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிக் கூட்டிட்டு வர்றோம்.”

போகும் வழியில் தராசு படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். இரும்புக் கட்டில். பக்கத்தில் ஒரு கைத்தடி. கட்டிலில் படுத்தபடி கை எட்டும் இடத்தில், சுவரில் ஒரு உள்ளங்கை அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

“ஏதாவது வேணும்னா தட்டுவார்,” என்று பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னாள்.

கால்நடை மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே மருத்துவர் அறை, வெளியே எடை மேடை, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் கம்பவுண்டர். தரையை ஒட்டினாற்போல் ஒரு தகரப் பலகை, அதற்கு மேலே வட்ட முகத்தில் ஒரு முள். தராசு அந்த மேடையைப் பழைய நண்பனைப் போலப் பார்த்தார்.

“இது சரியாக் காட்டுதா?”

“போன மாசம்தான் முத்திரை வாங்கினோம் சார்,” என்றார் கம்பவுண்டர் கொஞ்சம் கோபமாக.

தராசு எதிர்க்கடையிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வாங்கி வந்து மேடையில் வைத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உலகத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும் எடைக்கல் அது. முள் ஐந்தைத் தாண்டி ஒரு மயிரிழையில் நின்றது. அந்த மயிரிழை கேனுடைய எடை.

“மேடை சரி. இப்ப நாயை வைப்போம்.”

முள் பதினைந்தில் நின்றது.

கம்பவுண்டர் நாயின் பதிவு அட்டையைப் புரட்டினார். “நாலு மாசத்துக்கு முன்னாடி இருபது போட்டிருக்கேன். என் கையெழுத்துதான். இளைச்சிருக்கும் சார்.”

“இந்தக் கழுத்துப் பட்டை எப்ப வாங்கினது?”

“அன்னைக்கு இங்கதான் வாங்கினாங்க. அட்டையில குறிச்சிருக்கேன்.”

தராசு பட்டையைக் கழற்றிக் காட்டினார். ஏழு துளைகள். மூன்றாவது துளையில் மட்டும் கொக்கி அழுத்தி அழுத்தித் தோல் பள்ளமாகி, கறுத்துப் பளபளத்தது. மற்ற ஆறும் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தன.

“அஞ்சு கிலோ இளைச்ச நாயோட கழுத்து இளைக்காதா? ஒரு துளைகூட மாத்தல. அன்னைக்கும் இது பதினஞ்சுதான்.”

“அப்ப நான் தப்பாப் படிச்சேனா?”

“நீங்க சரியாத்தான் படிச்சீங்க. முள்ளைப் பாருங்க.”

தராசு நாயின் பக்கத்தில் குனிந்து, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். முள் மெதுவாக நகர்ந்தது. பதினாறு, பதினெட்டு, இருபது. அங்கேயே நின்றது.

“கையால அமுக்கறீங்க அத்தான்,” என்றாள் வாயாடி.

“கீழ பாரு.”

பஞ்சுவின் முடி மேடையின் விளிம்பைத் தாண்டித் திரைச்சீலை போலத் தொங்கியது. வாயாடி அதை விலக்கினாள். தராசுவின் வலது கால் கட்டைவிரல் பலகையின் ஓரத்தில் அமர்ந்திருந்தது.

“எடை போடறவங்க எப்பவும் முள்ளைத்தான் பார்ப்பாங்க,” என்றார் தராசு, காலை எடுத்துக்கொண்டு. அவர் குரலில் ஒரு வாத்தியாருடைய சந்தோஷம் வந்திருந்தது. “கீழ யாரும் பார்க்க மாட்டாங்க. என் வேலையில நான் முதல்ல பிடிச்ச திருட்டு இதுதான். பழைய பேப்பர் வாங்கறவர் மேடைக்கு அடியில செருப்பு முனையைக் கொடுத்துத் தூக்குவார், எடை குறையும். விக்கறவர் மேல வச்சு அமுக்குவார், எடை ஏறும். நாய்க்கு இப்படிச் செஞ்சு இப்பதான் பார்க்கறேன்.”

கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எதுக்கு சார்?”

“இருபது கிலோன்னா நாலு மாத்திரை. பதினஞ்சு கிலோன்னா மூணு. காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு கொடுத்தா இந்த நாய் நல்லா இருக்கும். தொட்டி ததும்பாது, வத்தவும் வத்தாது. ஒரு மாத்திரை தினமும் மிச்சம். யாரும் திருடல, நாய்க்கும் குறையல, கணக்கும் இடிக்கல. காலையில மருமக உருட்டி வைக்கற உருண்டையை அப்புறமா யாரோ பிரிச்சு, ஒண்ணை எடுத்துட்டு, மறுபடி உருட்டி வச்சிருக்காங்க.”

“ரெண்டையும் எடுத்திருந்தா பாதி நாள்ல வேலை முடிஞ்சிருக்குமே!” என்றாள் வாயாடி. “எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?”

“ரெண்டையும் எடுத்தா பஞ்சுவுக்கு வலிப்பு வரும்.”

வாயாடி குனிந்து நாயின் கண்ணை மறைத்த முடியை ஒதுக்கினாள். “மனுஷனைக் கொல்லலாம், நாய் உதறக் கூடாது. நல்ல மனசுதான் போங்க.”

“அந்த மனசுதான் நமக்குக் கிடைச்ச ஒரே தடயம். மருமக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்ல, அன்னைக்குக் கண்ணாடிக் கடை வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சது சீட்டுல இருக்கற நாலு மட்டும்தான். மூணு போதும்னு தெரிஞ்ச ஆள் அன்னைக்கு இந்த மேடை பக்கத்துல நின்ன ஆள்.” தராசு கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். “நாயைக் கொண்டுவந்தது யாரு?”

அட்டையில் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் மகனின் கையெழுத்து இருந்தது.

“கடிகாரக்காரன்!” வாயாடி மேஜையில் தட்டினாள். “பொண்டாட்டி உள்ள இருக்கா, இவன் பல்சக்கரம் தேடறான். நான் அப்பவே நினைச்சேன்.”

“ரெண்டு பேர் வந்தாங்கம்மா,” என்றார் கம்பவுண்டர். “ஒருத்தர் இங்க மேஜையில எழுதிக்கிட்டிருந்தார். இன்னொருத்தர் நாயைப் பிடிச்சிருந்தாங்க. நாய் நடுங்குது, பிடிச்சுக்கோங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“பிடிச்சது யாரு?”

“ஒரு நாளைக்கு நாப்பது நாய் வருது சார். எனக்கு நாய் முகம்தான் ஞாபகம் இருக்கும்.”

உள்ளேயிருந்து மருத்துவர் வந்தார். நாயின் கண்ணை விரித்துப் பார்த்தார், ஈறைத் தொட்டுப் பார்த்தார். புது மாத்திரை அட்டை கொடுத்து, சரியான எடைக்குச் சரியான அளவை எழுதினார். “இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு. நாளையிலேர்ந்து காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. விட்டுப்போன வேளைக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்துடாதீங்க. அந்தத் தப்பைத்தான் எல்லாரும் செய்வாங்க. விட்டது விட்டதுதான்.”

தராசு அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நின்றார்.

“என்ன அத்தான்?”

“அந்தத் தப்பை நாம இன்னைக்குச் செய்யப்போறோம்,” என்றார் அவர். “செய்யற மாதிரி. நாய் வாய்க்கு அது போகக் கூடாது. உன் கை என் கையைவிட வேகம்.”

அவர்கள் திரும்பி வந்தபோது ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மகன் அதே ஜன்னலருகே இருந்தான். அவனுடைய அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பஞ்சு நேராகப் படுக்கையறைப் பக்கம் ஓடியது. வாயாடி பட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

முன்னறை மேஜையில் தட்டை வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி அவள் புது அட்டையைப் பிதுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ரொட்டித் துண்டின் மேல் நான்கு வெள்ளை மாத்திரைகள்.

“சீட்டுல சாயங்காலம் ரெண்டுன்னு இருக்கு,” என்றாள், வாடிக்கையாளரிடம் திட்டத்தை விளக்கும் பழைய குரலில். “நேத்துச் சாயங்காலம் விட்டுப்போச்சு. அந்த ரெண்டையும் சேர்த்து நாலாக் கொடுத்துட்டா ஈடுகட்டிடலாம். அப்புறம் வலிப்பு பயமே வேண்டாம்.”

“கொடுங்க, கொடுங்க,” என்றான் மகன், கால்களை மேலே தூக்கிக்கொண்டே. “எத்தனை வேணும்னாலும் கொடுங்க, சீக்கிரம் கொடுங்க. இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது.”

வாயாடி ரொட்டியை மூடி உருட்டினாள். குனிந்தாள். பஞ்சு மூக்கை நீட்டியது.

“ஐயோ, வேண்டாம்!”

சத்தமே இல்லாமல் நடக்கும் அந்த அம்மாள் ஓடி வந்தாள். வாயாடியின் மணிக்கட்டை, மடங்காத விரல்களுள்ள அந்தக் கையால் இறுகப் பிடித்தாள்.

“நாலு கொடுத்தா தாங்காது! ஒண்ணுதான் கொடுக்கணும். அவனுக்குச் சாயங்காலம் ஒண்ணுதான்!”

மேஜையிலிருந்த ஏழெட்டு கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் துடித்துக்கொண்டிருந்தன.

தராசு கோபமாகப் பேசவில்லை. “நாலைப் பார்த்து யார் வேணும்னாலும் பயப்படலாம்மா. பயந்தவங்க ‘ரெண்டுதான்’னு சொல்லியிருப்பாங்க. இந்த வீட்டுச் சீட்டுல, நாட்காட்டியில, உங்க மருமக வாயில, எல்லா இடத்துலயும் ரெண்டுதான். ஒண்ணு எங்கேர்ந்து வந்தது?”

அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

“அம்மா?” என்றான் மகன். “ஏன் ஒண்ணு?” அவன் அம்மாவைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். “அன்னைக்கு நான் எழுதிக்கிட்டிருந்தேன். நீதானே பிடிச்சிருந்தே.” கால்கள் நாற்காலியிலிருந்து தானாகக் கீழே இறங்கின.

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“டாக்டர் உள்ள சொன்னார்,” என்றாள். “இது மனுஷங்க கைக்குப் போகக் கூடாது, பத்திரமா வைங்கன்னு. அஞ்சு கிலோவுக்கு ஒண்ணுன்னு எடைக்குத் தக்க கொடுக்கணும்னார். வெளிய வந்து மேடையில நிறுத்தினப்போ இவன் நடுங்கினான். பிடிச்சுக்கோங்கன்னாங்க. குனிஞ்சேன். என் கால் அந்த ஓரத்துல இருந்தது. பதினஞ்சுல நின்ன முள் ஏறிச்சு. காலை எடுத்திருக்கலாம். எடுக்கல.”

“அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்களா?”

“இல்ல. கையில இருந்தா ஒரு தைரியம்னு நினைச்சேன். தினம் ஒண்ணு. என் பவுடர் டப்பாவுல போட்டு வச்சேன். மூணு நாளுக்கு முன்னாடி அவர் பால்ல கலந்தது போக மிச்சம் அங்கதான் இருக்கு, எடுத்துக்கோங்க.” அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “நீங்க அந்தச் சுவரைப் பார்த்தீங்க. ஏதாவது வேணும்னா தட்டுவார்னு சொன்னேன். நான் எட்டற தூரத்துல நின்னா சுவத்துல தட்ட மாட்டார்.”

மகன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பக்கத்து அறையில் எட்டு மாதமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான் அது. எதன் மேல் விழுகிறது என்று ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

“மருமக?” என்று கேட்டாள் வாயாடி. அவள் குரலில் கேலி இல்லை. “அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்களே?”

“மாரடைப்புன்னு எழுதிடுவாங்கன்னு நினைச்சேன். படுக்கையில கிடந்தவர்தானே. அவளை வண்டியில ஏத்தினப்போ வாசல் வரைக்கும் போனேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரல.” அவள் நாயின் காதுக்குப் பின்னால் விரல்களை ஓட்டினாள். “முப்பத்தெட்டு வருஷம் சத்தம் போடாம இருந்து பழகிட்டேன். இப்பதான் வந்தது. இவனுக்காக.”

தராசு தொலைபேசியை எடுத்தார். ஆய்வாளர் மறுமுனையில் நிறைய கேள்விகள் கேட்டார். தராசு ஒரு எடை மேடை, ஒரு கால் கட்டைவிரல், ஒரு பவுடர் டப்பா என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு, “நாளைக்குப் பத்து மணிக்கு நீதிபதி முன்னாடி நிக்க வேண்டியது வேற ஆள். அந்தப் பொண்ணை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்ப வழி பாருங்க,” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி. அவங்க அண்ணன் வாசல்லதான் நிப்பார். பக்கத்துல குழந்தையும் இருக்கும்.”

வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

“இவன் வேளை தவறுது,” என்றாள் அந்த அம்மாள்.

வாயாடி உள்ளங்கையைத் திறந்தாள். உருண்டையிலிருந்து நான்கு மாத்திரைகளையும் அவள் எப்போதோ வெளியே எடுத்துவிட்டிருந்தாள். ஒன்றை மட்டும் நீட்டினாள். அந்த அம்மாள் புதிதாக ஒரு துண்டு ரொட்டி எடுத்து, வெண்ணெய் தடவி, நடுவில் அந்த ஒற்றை மாத்திரையை வைத்து உருட்டினாள். மடங்காத இரண்டு விரல்களும் தள்ளி நின்றன. மற்ற மூன்றும் வேலையைச் செய்தன. நான்கு மாதம் பழகிய விரல்கள். உருட்டி முடித்து நாயின் வாயருகே கொண்டுபோனாள்.

பஞ்சு உருண்டையை வாங்கிக்கொண்டது. ஆனால் விழுங்கவில்லை. வாயில் கவ்வியபடியே அவள் பிடியிலிருந்து நழுவி, படுக்கையறைக்குள் போனது. வெறும் கட்டிலின் மேல் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி வைத்து, விரிப்பின் நடுவில் உருண்டையைப் போட்டது. தலையணைப் பக்கம் பார்த்து வாலை ஆட்டியது. அவர் எடுத்து ஊட்டுவதற்காகக் காத்து நின்றது.

அதன் கால் மறுபடி ஒருமுறை வெட்டி இழுத்தது.

முதலில் எழுந்தவன் மகன். அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். உருண்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். பஞ்சு அவன் கையை முகர்ந்தது. வெகு நேரம் முகர்ந்தது. பிறகு வாங்கி விழுங்கியது.

“காலையில ரெண்டு,” என்றாள் வாசலில் நின்ற அவனுடைய அம்மா. “உன் பொண்டாட்டி வந்ததும் சொல்லு. சாயங்காலம் ஒண்ணு.”

அவன் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினான். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.